நகரத் திட்டத்தில் வீடும் வறுமையும்: வீடுகளின் எண்ணிக்கை சொல்லாத நிலக் கணக்கு

ஒரு நகரம் தன் வீட்டுவசதித் திட்டத்தை வெளியிடும்போது தலைப்பில் இடம்பிடிப்பது எண்ணிக்கைதான். பத்தாண்டுகளில் இத்தனை ஆயிரம் வீடுகள் கட்டப்படும், இத்தனை குடும்பங்கள் வறுமையிலிருந்து மீளும் என்று அறிவிப்பு வரும். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு செய்தி வரும்: கட்டிய வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, வீடு பெற்றவர்கள் அதை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய குடிசைக்கே திரும்பிவிட்டார்கள். இரண்டையும் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. "மலிவாகக் கிடைத்த நல்ல வீட்டை யாராவது விட்டுப் போவார்களா?" என்ற கேள்வி எழும். அதன் பின்னாலேயே, "இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் இப்படித்தான்" என்ற பழியும் வந்து சேரும்.

அந்தப் பழி அநியாயமானது. வீட்டின் விலை எதனால் ஆனது, ஏழைக் குடும்பத்தின் வரவுசெலவில் வீடு எதையெல்லாம் தொடுகிறது, நகர நிர்வாகத்தின் கையில் என்னென்ன அதிகாரங்கள் இருக்கின்றன என்ற மூன்றையும் அடியிலிருந்து பார்த்தால் அது விளங்கும். வறுமையைக் குறைத்த திட்டங்களையும் குறைக்காத திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கட்டடத்தின் தரத்தைவிட நிலத்தின் இடமும் அதன் உரிமையும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன.

## "கட்டுபடியாகும் வீடு": யாருக்குக் கட்டுபடியாகும்?

திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வரும் அளவுகோல் 30 சதவீதம். குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகையோ கடன் தவணையோ அடங்கினால் அந்த வீடு கட்டுபடியாகும் வீடு. அதைத் தாண்டினால் அந்தக் குடும்பம் வீட்டுச் சுமையில் இருக்கிறது என்று பொருள். இந்த எண் ஏழைகளின் தேவையைக் கணக்கிட்டுக் கண்டடைந்த எண் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வரவுசெலவுத் திட்ட முடிவு. அமெரிக்காவில் பொதுக் குடியிருப்புகளின் வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1969-இல் ஒரு சட்டத் திருத்தம் வரம்பு கட்டியது. 1981-இல் அரசுச் செலவைக் குறைக்கும் நடவடிக்கைகளின் பகுதியாக அந்த வரம்பு 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதுவே பிறகு பல நாடுகளின் ஆவணங்களிலும் இயல்பான அளவுபோல் குடியேறிவிட்டது.

இந்த விதியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, ஒரே சதவீதம் எல்லோருக்கும் ஒரே சுமை அல்ல. மாதம் 100 பங்கு ஈட்டும் குடும்பம் 30 பங்கை வாடகைக்குக் கொடுத்தால் மிச்சம் 70. உணவு, மருந்து, பள்ளிச் செலவு எல்லாம் அந்த எழுபதுக்குள் அடங்க வேண்டும். 500 பங்கு ஈட்டும் குடும்பம் அதே 30 சதவீதம் கொடுத்தாலும் அதன் கையில் 350 மிஞ்சும். முதல் குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கே 85 பங்கு வேண்டும் என்றால், 15 பங்கு வாடகைதான் அதற்குக் கட்டுபடி. 30 சதவீதத்தில் கொடுத்த வீடு அவர்களை வட்டிக் கடனுக்குள் தள்ளும்.

இரண்டாவது, பயணச் செலவு இந்தக் கணக்கில் சேருவதே இல்லை. நகரத்தின் விளிம்பில் பாதி வாடகைக்கு வீடு கிடைத்து, வேலைக்குப் போய்வர வீட்டில் இரண்டு பேருக்கு பஸ் கட்டணமும் நாளுக்கு மூன்று மணி நேரமும் செலவானால், குறைந்த வாடகை காகிதத்தில் மட்டுமே குறைவு.

இவற்றோடு யாருடைய வருமானத்தை வைத்து விலை நிர்ணயிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்தின் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் இடைநிலை வருமானம் எனப்படும். "இடைநிலை வருமானத்தில் 80 சதவீதம் உள்ளவர்களுக்குக் கட்டுபடியாகும் விலை" என்று ஓர் அறிக்கை சொன்னால், அலுவலக எழுத்தருக்கும் இளம் ஆசிரியருக்கும் அது உதவும். வீட்டுவேலை செய்பவர், கட்டடத் தொழிலாளி, தெருவைத் துப்புரவு செய்பவர் ஆகியோர் அந்த வரிக்குக் கீழே நிற்பவர்கள். அந்தத் திட்டம் நல்ல நடுத்தர வர்க்கத் திட்டமாக இருக்கலாம். அதை வறுமை ஒழிப்பு என்று அழைப்பது நியாயமாகாது.

## வீடு வறுமையைத் தொடும் நான்கு வழிகள்

வறுமையை வருமானத்தை மட்டும் வைத்து அளப்பது ஒரு முறை. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் பன்முக வறுமைக் குறியீடு இன்னொரு முறை. அதன் பத்து அளவீடுகளில் குடிநீர், கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிபொருள், வீட்டின் தரம் ஆகிய ஐந்தும் வீட்டோடு ஒட்டியவை. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு ஒரு வீட்டைக் குடிசைப்பகுதி வீடாகக் கணக்கிட ஐந்து குறைகளைப் பார்க்கிறது: பாதுகாப்பான குடிநீர் இல்லாமை, முறையான கழிப்பறை இல்லாமை, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் நெருக்கம், உறுதியற்ற கட்டடம், எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை. உலகில் இத்தகைய நிலையில் வாழ்வோர் 100 கோடிக்கு மேல் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு.

வீடு மாறினால் வறுமை எந்த வழியாக மாறுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன.

1. தரை வழியாக உடல்நலம். மெக்சிகோவின் கொவாவிலா மாநிலம் 2000-இல் ஒரு சிறிய திட்டத்தைத் தொடங்கியது. புது வீடு ஏதும் தரவில்லை. மண் தரை உள்ள வீடுகளுக்கு அதிகபட்சம் 50 சதுர மீட்டர் அளவுக்கு சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தது. ஒரு வீட்டுக்கான செலவு சுமார் 150 டாலர். மண் தரையில் தவழும் குழந்தையின் கையோடு வாய்க்குப் போவது புழுவின் முட்டை. ஈரம் காயாத அந்த மண்ணை எவ்வளவு பெருக்கினாலும் அது போகாது. அடுத்த மாநிலத்தில் திட்டம் கிடைக்காத ஒத்த நிலைக் குடும்பங்களோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். வீடு முழுக்க சிமெண்டுத் தரையானால் குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், இரத்தசோகை 81 சதவீதமும் குறையும் என்று அது காட்டியது. குழந்தைகளின் மொழித்திறனும் அறிதிறனும் உயர்ந்தன. தாய்மார்களின் மனச்சோர்வு தணிந்தது. "இத்தனை ஆயிரம் புதிய வீடுகள்" என்ற அறிவிப்பின் பளபளப்பு இதில் இல்லை. ஒரு குழந்தையின் இரத்தத்துக்குள் போய் வேலை செய்த வீட்டுத் திட்டம் இது.

2. உரிமைப் பத்திரம் வழியாக நேரம். பெருவில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி 12 லட்சம் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு அவர்கள் குடியிருந்த மனைக்கு உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. அதன் பிறகு அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் வீட்டுக்கு வெளியே அதிக நேரம் வேலைக்குப் போனார்கள். காரணம் எளிது: பத்திரம் இல்லாதவரை மனையை யாரும் ஆக்கிரமித்துவிடாமல் காக்க ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் ஓரத்தில் நடந்த இன்னோர் ஆய்வில், பத்திரம் பெற்ற குடும்பங்கள் வீட்டைச் செப்பனிட்டன, பிள்ளைகளை அதிகம் படிக்க வைத்தன. ஆனால் பத்திரத்தைக் காட்டினால் வங்கிக் கடன் பெருகும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பெரிதாக நிறைவேறவில்லை. பத்திரத்தின் பலன் அடமானம் வைப்பதைவிட அச்சம் நீங்குவதிலேயே இருந்தது.

3. அக்கம்பக்கம் வழியாகப் பிள்ளைகள். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய வாடகை உதவி கொடுத்தார்கள். இடம்மாறிய பெரியவர்களின் சம்பளம் உயரவில்லை. உடல்நலமும் மனநலமும் தேறின. முதல் முடிவுகளைப் பார்த்துத் திட்டம் தோற்றது என்றே பலர் எழுதினார்கள். 2015-இல் வெளியான ஆய்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது: 13 வயதுக்குள் இடம்மாறிய குழந்தைகள் வளர்ந்து இருபதுகளின் நடுவில் இருந்தபோது, இடம்மாறாதவர்களைவிட 31 சதவீதம் அதிகம் ஈட்டினார்கள். பதின்ம வயதில் இடம்மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. வீட்டுத் திட்டத்தின் பலன் வெளிப்பட ஒரு தலைமுறை பிடிக்கலாம் என்பது ஐந்தாண்டுக் கணக்குப் பார்க்கும் நிர்வாகங்கள் மறந்துவிடும் பாடம்.

4. தூரம் வழியாக வேலையும் உறவும். மேலே சொன்ன மூன்று வழிகளிலும் கிடைக்கும் பலனை ஒரேயடியாக அழித்துவிடக்கூடியது இது. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

## பன்னிரண்டு கிலோமீட்டர்

அகமதாபாத்தில் 1987-இல் பீடி சுற்றும் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு வீட்டுக் குலுக்கல் நடந்தது. வென்றவர்களுக்கு நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, குடிசைப்பகுதி வீட்டைவிட நல்ல வீடு, மானிய விலையில் கிடைத்தது. யாருக்கு வீடு கிடைத்தது என்பதைக் குலுக்கலே தீர்மானித்ததால், வென்றவரையும் தோற்றவரையும் ஒப்பிடுவது நம்பகமானது. பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் இரு தரப்பையும் தேடிப் போனார்கள்.

வென்றவர்களில் 34 சதவீதத்தினர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. 32 சதவீதத்தினர் குடிபோய்ப் பிறகு வெளியேறிவிட்டார்கள். தங்கியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வென்றவர்களின் வீடு மேம்பட்டிருந்தது. குடும்ப வருமானமோ பிள்ளைகளின் படிப்போ, தோற்றவர்களோடு ஒப்பிட்டால், மாறவில்லை. உறவினர்களிடமிருந்தும் தங்கள் சமூகத்தாரிடமிருந்தும் அவர்கள் தனித்துப்போயிருந்தார்கள். கஷ்டகாலத்தில் கைமாற்று கேட்கக்கூடிய ஆட்கள் குறைந்திருந்தார்கள்.

இந்தக் கடைசி வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். காப்பீடும் சேமிப்பும் இல்லாத குடும்பத்துக்குப் பக்கத்து வீடுதான் காப்பீடு. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கதவைத் தட்டினால் பணம் கொடுக்க ஒருவர், வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஓரிடத்தில் ஆள் தேவை என்று சொல்லி அனுப்ப ஒருவர். பத்திருபது ஆண்டுகள் அருகருகே வாழ்ந்து சேர்த்த சொத்து அது. எந்தத் திட்ட அறிக்கையின் சொத்துப் பட்டியலிலும் அது ஏறுவதில்லை. குடும்பத்தை 12 கிலோமீட்டர் நகர்த்தும்போது புதுச் சுவர் கிடைக்கிறது, அந்தச் சொத்து கரைகிறது. நல்ல வீட்டை விட்டுத் திரும்பியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். திட்டம் போட்டவர்கள் சேர்க்க மறந்த செலவை அவர்கள் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

## விலையின் முடிச்சு நிலத்தில் இருக்கிறது

அப்படியானால் நகரங்கள் ஏன் மீண்டும் மீண்டும் விளிம்பிலேயே கட்டுகின்றன?

ஒரே கட்டடத்தை நகர மையத்தில் கட்டினாலும் ஓரத்தில் கட்டினாலும் செங்கல், கம்பி, கூலி ஆகியவற்றின் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவது மனையின் விலை. மனையின் விலை எப்படி உருவாகிறது? அந்த இடத்தில் கட்டினால் எவ்வளவுக்கு விற்கலாம் என்ற தொகையிலிருந்து கட்டுமானச் செலவையும் இலாபத்தையும் கழித்து மிஞ்சுவதை நில உரிமையாளர் கேட்கிறார். ஆகவே ஊர் வளர வளர, மெட்ரோ வரவர, சாலை விரிய விரிய, அந்த உயர்வெல்லாம் மனை விலையில் போய்ச் சேர்கிறது. பொதுப்பணத்தில் போட்ட பாதையின் பலன் பெரும்பாலும் பக்கத்து மனைக்காரருக்குத்தான்.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று மானியத்தை நிர்ணயித்துவிட்டு, இடத்தைத் திட்டம் செயல்படுத்துவோரிடம் விட்டுவிட்டால், அவர்கள் மலிவான மனையைத் தேடி ஓரத்துக்கே ஓடுவார்கள். மெக்சிகோவில் இது மாபெரும் அளவில் நடந்தது. தொழிலாளர் வீட்டுக் கடன் நிதியின் ஆதரவோடு நகரங்களுக்கு வெகு தொலைவில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. 2010 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. எல்லாமே அத்தகைய வீடுகள் அல்ல என்றாலும், வேலையும் பஸ்ஸும் எட்டாத குடியிருப்புகள் அந்தக் கணக்கில் பெரும் பங்கு வகித்தன.

எதிர்த்திசையில் யோசித்த ஒரு சின்ன எடுத்துக்காட்டு சிலியின் இகீகே நகரத்தில் இருக்கிறது. நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தன. ஒரு குடும்பத்துக்கு அரசு மானியம் சுமார் 7,500 டாலர். நிலம், குழாய், கட்டடம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சமூக வீட்டுத் திட்டங்கள் வழக்கமாக நிலத்துக்குக் கொடுப்பதைவிட அந்த நிலம் மூன்று மடங்கு விலை. வழக்கப்படி செய்திருந்தால் குடும்பங்களைப் பாலைவன ஓரத்துக்கு அனுப்பி, முழு வீடு கொடுத்திருப்பார்கள். கட்டடக் கலைஞர் அலேஹாந்த்ரோ அரவேனாவின் குழு நிலத்தை விடவில்லை, வீட்டைப் பாதியாக்கியது. குடும்பத்தால் தானாகக் கட்ட முடியாத பாதியை, அதாவது அடித்தளம், கூரை, மாடிப்படி, சமையலறை, குளியலறை ஆகியவற்றை, திட்டம் கட்டிக் கொடுத்தது. பக்கத்திலேயே காலி இடம் விட்டது. கையில் காசு சேரச் சேரக் குடும்பங்கள் அந்த இடத்தை நிரப்பி வீட்டை ஏறத்தாழ இரு மடங்காக்கிக்கொண்டன. படத்தில் பார்த்தால் ஒழுங்கற்றுத் தெரியும், ஒவ்வொரு வீட்டின் பாதியும் ஒவ்வொரு நிறம். ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் தூரம் மாறவில்லை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்து என்று சொல்ல வரவில்லை. கட்டுமானத்துக்கே காசில்லாத குடும்பத்தின் மறுபாதி பல ஆண்டுகள் காலியாகவே கிடக்கலாம். முழுமையான வீடு தொலைவிலும் அரை வீடு அருகிலும் கிடைக்கும் என்றால் எதைத் தேர்வது என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு.

## நகரத்தின் கையில் உள்ள கருவிகள்

1. நிலத்தை முன்னதாகவே வாங்கி வைத்தல். எனக்குத் தெரிந்தவரை இதைவிட வலிமையான கருவி இல்லை. வியன்னா நகராட்சி 1923-இல் ஒரு வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தது. நிதிப் பொறுப்பாளராக இருந்த ஹூகோ பிரைட்னர் அதை ஏறுவரிசையில் அமைத்தார்: சிறு வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிக அதிகம். அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட நகராட்சி வீடுகள் எழுந்தன. 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அதற்குள்ளேயே பொதுச் சலவைக்கூடம், குளியலகம், குழந்தைகள் காப்பகம், நூலகம். இன்று நகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. மானியத்தில் கட்டப்பட்டவற்றையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள். 1984-இல் தொடங்கிய நில நிதியம் ஒன்று விலை ஏறுமுன் மனைகளை வாங்கிச் சேர்க்கிறது. 2018-இல் வந்த விதித் திருத்தத்தின்படி, புதிதாகக் குடியிருப்புக்கு மாற்றப்படும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளுக்கு. இப்படி விதி இருக்கும்போது அந்த மனைக்கு யாரும் வானளாவ விலை கேட்க முடியாது. கேட்டால் வாங்க ஆள் இருக்காது.

சிங்கப்பூரும் இந்த வழியில்தான் போனது. வீட்டுவசதி வாரியம் 1960-இல் உருவானது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி தீயில் அழிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள்; அதே இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1966-இன் நில எடுப்புச் சட்டம் அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்தது. 1968 முதல் தொழிலாளர்கள் தங்கள் சேமநிதியிலிருந்து வீட்டுத் தவணை கட்ட முடிந்தது. இன்று குடியிருப்போரில் சுமார் 80 சதவீதத்தினர் வாரிய வீடுகளில் வாழ்கிறார்கள். இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் விட்டுவிடும் பகுதியையும் சொல்ல வேண்டும்: சந்தை விலைக்கும் குறைந்த இழப்பீட்டில் நிலம் எடுக்கப்பட்டது, கிராமக் குடியிருப்புகள் கலைக்கப்பட்டன. வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் இருப்பதால், பழைய வீடுகளின் மதிப்பு தேய்வது இப்போது அங்கே பெரும் விவாதம்.

2. அடர்த்தி விதியைத் தளர்த்துதல். ஒரு மனையில் அதன் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதைத் தளப் பரப்புக் குறியீடு கட்டுப்படுத்துகிறது. அது குறைவாக இருந்தால் விலைமிக்க மனையின் செலவைச் சில வீடுகளே சுமக்க வேண்டிவரும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளை அனுமதித்தது. கட்டுமான அனுமதிகள் பெருகின. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் செய்த ஆய்வு இன்னொரு நுட்பத்தைக் காட்டியது: புது வீட்டுக்கு வசதியானவர் குடிபோனால் அவர் விட்ட வீட்டுக்கு அடுத்தவர், அவர் விட்டதற்கு இன்னொருவர் என்று சங்கிலி நீண்டு, குறைந்த வருமானப் பகுதிகளிலும் வீடு காலியாகிறது. ஆனால் அந்தச் சங்கிலி வருமானமே இல்லாதவர் வரை தானாக நீளும் என்று நம்பக்கூடாது. சந்தை எவ்வளவு கட்டினாலும் அடிமட்டத்துக்கு மானியம் வேண்டியிருக்கும்.

3. தனியார் கட்டுமானத்தில் ஒரு பங்கு. பெரிய குடியிருப்பு கட்டுகிறவர் இத்தனை சதவீத வீடுகளைக் குறைந்த விலையில் தர வேண்டும் என்ற விதி. அமெரிக்காவின் மான்ட்கோமரி மாவட்டம் 1974-லேயே இதைச் சட்டமாக்கியது. தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாட்டுக் காலம் குறுகியதாக இருந்ததால், காலம் முடிந்ததும் பல வீடுகள் சந்தை விலைக்குப் போய்விட்டன. அதே நாட்டின் பர்லிங்டன் நகரில் 1984-இல் தொடங்கிய நில அறக்கட்டளை இந்தச் சிக்கலுக்கு விடை தேடியது: நிலம் என்றும் அறக்கட்டளைக்கு, வீடு மட்டும் குடும்பத்துக்கு. விற்கும்போது விலை உயர்வில் கால் பங்குதான் குடும்பத்துக்கு. அடுத்து வாங்குகிறவருக்கும் விலை கைக்கு எட்டும்.

4. சும்மா கிடக்கும் நிலத்தின் மீது வரி. பிரேசில் 2001-இல் இயற்றிய நகரச் சட்டம், மையப் பகுதியில் கட்டாமல் வைத்திருக்கும் மனையின் சொத்து வரியை ஆண்டுக்காண்டு உயர்த்தவும், கடைசியில் நிலத்தை எடுத்துக்கொள்ளவும் நகராட்சிக்கு அதிகாரம் தருகிறது. கருவி கூர்மையானது. அதைக் கையில் எடுக்கத் துணிந்த நகராட்சிகள் சிலவே.

5. இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துதல். தாய்லாந்து 2003-இல் தொடங்கிய பான் மன்காங் திட்டத்தில் பணம் ஒப்பந்தக்காரருக்குப் போவதில்லை. குடியிருப்போரின் சேமிப்புக் குழுக்களுக்குக் கடனாகவும் மானியமாகவும் போகிறது. அவர்களே நில உரிமையாளரோடு பேசுகிறார்கள். சில இடங்களில் நிலத்தின் ஒரு பகுதியை உரிமையாளருக்கு விட்டுக்கொடுத்து, மறுபகுதியில் நெருக்கமாக வீடு கட்டிக்கொள்கிறார்கள்.

## திறப்பு விழாவுக்குப் பிறகு

கட்டடத்தைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. வைத்துக் காப்பது என்றைக்குமான செலவு. இதை மறந்ததற்கு நகரத் திட்டமிடல் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சாட்சி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரின் புரூயிட்–ஐகோ குடியிருப்பு. 1950-களின் நடுவில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடுகள். 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். கட்டடக் கலையின் தோல்வி என்று அன்று எழுதினார்கள். செலவை மிச்சப்படுத்த லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்காமல் மூன்று மாடிக்கு ஒன்றில் நிற்கும்படி அமைத்திருந்தார்கள் என்பதும், கைக்குழந்தையோடும் பையோடும் இருட்டு மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

ஆழமான காரணம் வரவுசெலவில் இருந்தது. கட்டும் செலவை மத்திய அரசு ஏற்றது. பராமரிப்பை வாடகையிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நகரமோ சுருங்கிக்கொண்டிருந்தது: 1950-இல் எட்டரை லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1970-இல் சுமார் 6.2 லட்சம். வேலைகள் போயின, வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள், வீடுகள் காலியாகின, வாடகை வரவு விழுந்தது, பழுது பார்க்கப் பணமில்லை, அதனால் மேலும் பலர் வெளியேறினார்கள். மிஞ்சிய ஏழைகளின் வாடகை உயர்ந்துகொண்டே போனது. 1969-இல் அந்த நகரின் பொதுக் குடியிருப்புவாசிகள் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினார்கள். வருமானத்தில் 25 சதவீதம் என்ற வரம்பு சட்டமான அதே ஆண்டு அது.

வாடகையை வருமானத்தோடு கட்டினால், குறையும் வரவை யாராவது ஈடுசெய்தாக வேண்டும். "பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே ஏற்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிடும் அறிக்கை, பத்தாண்டு கழித்து நிற்கப்போகும் லிப்டை இன்றே எழுதி வைத்திருக்கிறது.

## ஒரு திட்ட அறிக்கையில் எதைத் தேட வேண்டும்?

1. கட்டுபடியாகும் என்பது எந்த வருமானத்தாருக்கு? அந்த வரிக்குக் கீழே நகரத்தில் எத்தனை குடும்பங்கள்?
2. வீடுகளின் வரைபடம் இருக்கிறதா? வேலை கிடைக்கும் இடங்களும் பஸ் வழித்தடங்களும் அதே வரைபடத்தில் இருக்கின்றனவா?
3. நிலம் யாருடையது? பொது நிலத்தை விற்று அந்தப் பணத்தில் வீடு கட்டும் திட்டமா, நிலத்தைப் பொதுக் கையில் வைத்துக்கொள்ளும் திட்டமா?
4. விலைக் கட்டுப்பாடு எத்தனை ஆண்டுக்கு?
5. பதினைந்தாம் ஆண்டின் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்?
6. ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் தரை, குழாய், கழிப்பறை, உரிமைப் பத்திரம் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது?
7. பயனாளிகள் பட்டியல் எப்படித் தயாரானது?

கடைசிக் கேள்வி அலுவலகச் சடங்குபோலத் தோன்றும். அதில்தான் பல குடும்பங்களின் கதி முடிவாகிறது. குடிசைப்பகுதிக் கணக்கெடுப்பில் கதவுக்கு ஓர் எண் எழுதுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஒரு குடும்பம் பதிவாகிறது. ஒரே கதவுக்குப் பின்னால் முன்னறையில் வீட்டுக்காரரும் பின்னறையில் வாடகைக்கு ஒரு குடும்பமும் இருந்தால், பட்டியலில் ஏறுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயர். வாடகைக் குடும்பம் பெரும்பாலும் அவரைவிட ஏழை. இடிக்கும் நாளில் அதன் கையில் வீட்டு ஒதுக்கீட்டுச் சீட்டு இருக்காது. கணக்கெடுப்பவர் பகல் பதினொரு மணிக்கு வந்தால், விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டவர்களின் கதவில் பூட்டு தொங்கும். அது "பூட்டிய வீடு" என்று பதிவாகும். மாலையிலும் விடுமுறை நாளிலும் திரும்பச் செல்வது, அறைவாரியாகப் பதிவது, பட்டியலைத் தெருவிலேயே ஒட்டி விடுபட்டவர்கள் பெயர் சேர்க்க ஒரு மாதம் அவகாசம் தருவது என்ற மூன்றும் விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.